புழுதியில் எங்களுக்கு என்ன வேலை?

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் ரேஸ் பார்த்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். 'பார்த்துவிட்டு' என்று சொல்வதே சரியில்லை. பாதியில் நின்றுபோன ரேஸ் அது. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பண்டாரவளையில் ஒரு கடையில் பத்து நிமிஷம் சார்ஜ் போட்ட பிறகுதான் போன் உயிர் பிடித்தது. அம்மாமார் எடுத்து நாங்கள் எடுக்காமல் விட்ட கோல் மட்டும் முப்பதுக்கு மேல். "உசுரோட இருக்கீங்களாடி?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. அது நியாயம்.

அதற்குக் கீழே சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாமா போட்டிருந்தார்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு கார் ரேஸ்ல என்ன வேலை? சொன்னா கேக்குறதில்ல. பட்டாத்தான் புத்தி வரும்." பன்னிரண்டு பேர் அதற்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அதே மாமா எங்களில் ஒருத்திக்குத் தனியாக அனுப்பியது: "அந்த எக்சிடன்ட் வீடியோ எடுத்தீங்களா? இருந்தா அனுப்பு, பாப்போம்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு மெசேஜுக்கும் சேர்த்து எழுதுகிற பதில். மாமாமேல் எங்களுக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை. அவர் ஒருத்தர் மட்டும் இல்லை என்பதுதான் பிரச்சினை. சித்திரை பிறந்து ரேஸ் பேச்சு எழும்பினால் போதும், லயத்திலும் கோயிலடியிலும் கம்பஸ் கென்டீனிலும் இதே வசனம் வேறு வேறு வாயில் வருகிறது. எங்கள் வாதம் சுருக்கமானது. சந்தோஷப்பட எங்களுக்கு உரிமை உண்டு. கெமராவுக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் நிற்க உரிமை உண்டு. ஆபத்து நடந்தால், பார்க்க வந்தவளையே குற்றவாளியாக்கும் பழக்கத்தை நாங்கள் ஏற்கப்போவதில்லை. ஏனென்றால் அதே பழக்கத்தை எங்கள் ஊர் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் மீரியபெத்த. கொஸ்லந்தைக்கு மேலே இருந்த தோட்டம். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாங்கள் அப்போது ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டதால் தப்பினோம். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் செம்மண். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கொரு விதமாக மாறியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்கள் இன்னமும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். இரண்டு வருசம் ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள் தடுப்பு அடித்து வாழ்ந்தோம். 2016இல் மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகளுக்கு மாறினோம். ஆகவே 'மண்' என்ற சொல்லை யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மழை நாலு நாள் விடாமல் பெய்தால் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை.

ரேஸ் எங்களுக்கு அந்த ஸ்டோருக்குள்தான் அறிமுகம். பக்கத்துத் தடுப்பிலிருந்த ஒரு அண்ணனின் போனில் பொக்ஸ் ஹில் வீடியோ ஒன்று இருந்தது. பையன்கள் வட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்கள் அவர்களின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்போம். எங்களுக்கு அது வெறும் கார் ஓட்டமாகத் தெரியவில்லை. மண் கிளம்புகிறது, வானத்துக்கு எழும்புகிறது, யாரையும் மூடாமல் கீழே விழுகிறது. அதை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை.

தியத்தலாவ எங்களுக்குத் தூரமில்லை. பூனாகலை வழியாகப் பண்டாரவளை, அங்கிருந்து இன்னொரு பஸ். பிரிட்டிஷ் காலத்தில் எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற போர்க்கப்பலின் ஆட்கள் அந்த மலைச்சரிவில் நரி உருவம் ஒன்றைப் பதித்தார்களாம், அதனால்தான் பொக்ஸ் ஹில், நரிமலை என்ற பெயர். அந்தப் பக்கத்தில் இராணுவ அகடமி நடத்துகிற மண் தட ரேஸ்தான் பொக்ஸ் ஹில் சுப்பர்குரோஸ். தார் ரோடு கிடையாது. மண்ணும் சரளையும், ஏற்றமும் இறக்கமும், திடீர் வளைவும். போர்ட் லேசர், மஸ்தா, மினி என்று எங்கள் ஊர் ரோட்டில் பழசாகி ஓடுகிற அதே சாதிக் கார்கள் அங்கே வேறு பிறவி எடுத்து ஓடும். பைக் ரேஸும் உண்டு.

மண் தடத்தில் கார் எப்படித் திரும்புகிறது என்று நேரில் பார்த்திருக்கிறீர்களா? அது திரும்புவதில்லை, வழுக்குகிறது. வளைவு வருவதற்கு முன்பே டிரைவர் வண்டியின் பின்பக்கத்தை வழுக்க விடுகிறார். கார் பக்கவாட்டில் போகிறது. வளைவு இடப்பக்கம் என்றால் முன் சில்லு வலப்பக்கம் பார்க்கிறது. உதிரி மண்ணில் டயருக்குப் பிடிமானம் கிடைக்காது, அதனால் வழுக்கலோடு சண்டை போடாமல் வழுக்கலையே ஓட்டமாக்கிக்கொள்கிற வித்தை அது. முதல் தடவை நேரில் பார்த்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள், "ஏய், எங்கம்மா மழையில மலை இறங்குற மாதிரியே இருக்குடி." உண்மை. கொழுந்துக் கூடை முதுகில் பாரமாக இருக்கும்போது ஈரச் சரிவில் யாரும் நேராக இறங்குவதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, காலை வழுக்க விட்டு, வழுக்கின இடத்தில் ஊன்றித்தான் இறங்குவார்கள். ஒன்றுக்குக் கப் கொடுத்துக் கைதட்டுகிறார்கள். மற்றதுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நாள் கூலி 1000 ரூபா.

இப்போது மாமாவின் முதல் மெசேஜுக்கு வருவோம். பொம்பளப் புள்ளைங்களுக்கு ரேஸில் என்ன வேலை?

வேலை ஒன்றும் இல்லை மாமா. அதுக்காகத்தான் போனோம். எங்கள் வீட்டுப் பொம்பளைங்களுக்கு வேலை இல்லாத இடம் என்று ஒன்று இருக்கிறதா, சொல்லுங்கள். விடியக்காலை எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, மலையில் நின்று, அந்திக்கு வந்து விறகு, தண்ணீர், சமையல். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி. திருவிழாவுக்குப் போனாலும் பொங்கல் பானைக்கு முன்னால் நிற்பது யார்? எங்கள் மலையகத்தின் பெருமை என்று நாங்களே மார்தட்டுகிற காமன் கூத்தை எடுங்கள். ரதி ஒரு பொம்பளை. புருசன் எரிந்து போனதுக்கு ஒப்பாரி வைக்கிறவள் ரதி. காலங்காலமாக அந்த ரதி வேசத்தைக்கூட ஆம்பளைதான் கட்டினான். எங்கள் அழுகையைக்கூட வேறு ஆள் அழுது காட்ட, நாங்கள் ஓரத்தில் நின்று பார்த்தோம்.

அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துப் பையன்கள் ஒரு லொறி பிடித்துக்கொண்டு தியத்தலாவைக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் 'என்ன வேலை' என்று கேட்கவில்லை. பையனுக்கு அது பொழுதுபோக்கு, எங்களுக்கு அது நடத்தை. தடத்தைச் சுற்றி எவ்வளவோ பெண்கள் இருந்தார்கள். புருசனோடு வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள், பாட்டிமார்கூட. அவர்களையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் 'கூட வந்தவர்கள்'. ஆம்பளைத் துணையில்லாமல், கையில் கெமராவோடு, எந்தக் கார் எந்த வளைவில் எப்படி வரும் என்று பேசிக்கொண்டு மூன்று பெட்டைகள் நின்றதுதான் கண்ணைக் குத்தியது.

கெமராவைப் பற்றியும் பேச வேண்டும். அது கம்பஸில் ஒரு அக்கா இரவல் தந்த பழைய கெமரா. ஒருத்தி கெமராவில், மற்ற இரண்டு பேர் போனில். ஓடுகிற காரைப் படமெடுப்பது லேசில்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் கார் கூர்மையாக வரும், ஆனால் நிறுத்தி வைத்த கார் மாதிரி செத்துப்போய் இருக்கும். வேகத்தைக் குறைத்து 1/60 மாதிரி வைத்து, கார் வருகிற வேகத்துக்கே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டு, திருப்பத்தை நிறுத்தாமல் அமுக்க வேண்டும். அப்போதுதான் கார் நிற்க, பின்னணி ஓடும். காலை ஊன்றி இடுப்பை மட்டும் திருப்புவது எங்களுக்கு எங்கிருந்தோ கைவந்துவிட்டது. கொழுந்து எடுக்கிறவர்களின் வீட்டிலிருந்து வந்தவர்கள்தானே. இருநூறு படம் எடுத்ததில் நூற்றி எண்பது வெறும் புழுதி. மிச்ச இருபதில் நாலு நல்ல படம். அந்த நாலுக்காக முகம், முடி, பல்லெல்லாம் மண். எங்கள் வாழ்க்கையில் மண்ணைச் சாப்பிட்டுக்கொண்டு சிரித்த நாள் அதுதான்.

கெமராவுக்கு முன்னால் நிற்கிற அனுபவம் எங்கள் சனத்துக்கு நிறைய இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி 1875இல் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே தோட்டம் இருந்தது. 1879இல் மலையகத்திலேயே இறந்தார், புதைத்த இடம் பொகவந்தலாவ. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன், பாட்டிக்குப் பாட்டி காலத்துத் தோட்டத் தொழிலாளர்களை அவர் படமெடுத்திருக்கிறார். மலையகத்தில் கெமரா பிடித்த ஆரம்பகால ஆட்களில் ஒரு பெண் இருந்தார் என்பது நல்ல செய்திதான். ஆனால் அவருடைய இங்கிலாந்துப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு, கவிஞர், விஞ்ஞானி என்று விலாசம் உண்டு. இங்கே படத்தில் இருப்பவர்களில் அநேகருக்குப் பெயர் இல்லை. 'தொழிலாளி', அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு லிப்டன் வந்தார். எங்களிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தம்பேதன்னை. தேயிலை விளம்பரத்தில் கூடையோடு நிற்கிற பெண்ணை உலகம் முழுக்கத் தெரியும், அவளுடைய பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்கும் அப்புத்தளைப் பக்கம் போய்ப் பாருங்கள். வேனை நிறுத்தி, "அம்மே, ஸ்மைல்" என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். வெயிலில் நிற்கிறவள் சிரிக்கிறாள். படம் போஸ்ட்கார்டாகிறது, கலண்டராகிறது, ஹோட்டல் சுவராகிறது.

2014இல் வந்த கெமராக்கள் வேறு மாதிரி. முகாமில் இருந்த நாட்களில் எங்களில் ஒருத்தியை ஒரு படக்காரர் சரிவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூட பேக்கை முதுகில் போட்டு, மண்ணைப் பார்த்து நிற்கச் சொன்னார். "கொஞ்சம் கவலையா இரும்மா" என்றாராம். பத்து வயசுப் பிள்ளை. அம்மம்மாவை அந்த மண்ணுக்குள் விட்டவள். கவலையாக இருப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதைச் சொல்வது இரக்கம் கேட்பதற்காக இல்லை. எங்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், அழச் சொல்லிப் படம் எடுத்தார்கள். எங்கள் சிரிப்பையும் அழுகையையும் மற்றவர்கள் தீர்மானித்து நூற்றைம்பது வருசமாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கெமராவைத் திருப்பிப் பிடித்தோம், எங்களுக்குப் பிடித்ததைப் பார்த்தோம். துயரத்தைப் படமெடுத்திருந்தால் 'விழிப்புணர்வு' என்று பாராட்டியிருப்பீர்கள். தேயிலை மலையை எடுத்திருந்தால் 'மண்ணின் அழகு' என்றிருப்பீர்கள். புழுதி கிளப்புகிற காரை, வெறும் சந்தோஷத்துக்காக எடுத்ததைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை.

சரி, விபத்து.

நாங்கள் நின்றது வேறு வளைவு. ஓட்டத்தில் ஒரு கார் புரண்டது. பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கைக் கொடி காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு கார் தடத்தைவிட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. 4 பேர் போட்டி நடத்த உதவியாக நின்றவர்கள். 20க்கும் மேல் காயம். எங்கள் பக்கம் முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது, பிறகு சனம் ஓடியது. கெமரா வைத்திருந்தவள் மூடியைப் போட்டுக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். நாங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேக்கோடு மண்ணைப் பார்த்து நின்ற பிள்ளை அவள்தான். சுற்றிலும் எத்தனையோ போன்கள் உயர்ந்தபடி ஓடின. ஆக மாமா, உங்கள் இரண்டாவது மெசேஜுக்கு இதுதான் பதில். வீடியோ இல்லை. எடுக்கவில்லை. ரேஸ் பார்ப்பது உங்களுக்குக் கூடாத காரியம், செத்தவர்களைப் பார்ப்பது கூடும் காரியம். எங்களுக்கு அது நேர்மாறு.

"பட்டாத்தான் புத்தி வரும்" என்ற வசனத்தை இனிக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இதை நாங்கள் முதல் தடவை கேட்டது 2014இல். மீரியபெத்த சரியும் அபாயம் உள்ள இடம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை விழுந்த பிறகு டீவியில், பேப்பரில், பெரிய ஆட்களின் வாயில் வந்தது என்ன? "எழும்பிப் போகச் சொன்னோமே, அவர்கள் போகவில்லையே." போவதற்கு எங்கே இடம்? தோட்டக் காணி தோட்டத்துக்கு, லயம் தோட்டத்துக்கு. சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லாத சனத்தைப் பார்த்து 'போகச் சொன்னோமே' என்றால் ஆகாயத்துக்கா போவது? ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள், மாற்று இடம் கொடுக்கும் கடமையும் வசதியும் உள்ளவர்கள் தப்பிக்கொண்டார்கள். புதைந்தவர்கள் பிடிவாதக்காரர்கள் ஆனார்கள்.

பொக்ஸ் ஹில்லிலும் அதே கணக்குத்தான் போடப்பட்டது. கூட்டம் தடத்துக்கு ஒட்டி நின்றதை அன்றைக்குப் பரவிய வீடியோக்களில் எல்லோரும் பார்த்தோம். அப்படி நிற்கக் கூடாது, சரி. ஆனால் எங்கே நிற்கக் கூடாது என்று ஆட்களுக்குத் தெரியப்படுத்துவது யாருடைய பொறுப்பு? வளைவின் வெளிப்பக்கம்தான் மோசமான இடம், வழுக்கி விலகுகிற கார் அந்தப் பக்கம்தான் வரும் என்பது ரேஸ் தெரிந்தவர்களுக்கு அரிச்சுவடி. கைக்குழந்தையோடு வந்த அம்மாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆயிரக்கணக்கான சனத்தைக் கூப்பிடுகிறவர்கள்தான் கோடு கிழிக்க வேண்டும், வேலி போட வேண்டும், மண் அணை கட்ட வேண்டும், சனம் கோட்டைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு இராணுவம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது, பொலிஸ் இரண்டு டிரைவர்களைக் கைது செய்தது. சட்டத்தின் வேலையைச் சட்டம் செய்யட்டும். எங்கள் குடும்பங்களிலோ விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிட்டது: குற்றவாளி, ரேஸ் பார்க்கப் போன பொம்பளப் புள்ளைகள்.

உலகத்தில் இதைவிடப் பெரிய விபத்தெல்லாம் நடந்திருக்கிறது. 1955இல் பிரான்சின் லு மான் ரேஸில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறிப் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் அந்த மாதிரி ரேஸையே தடை செய்தது. மற்ற இடங்களில் தடத்தை மாற்றிக் கட்டினார்கள், பார்வையாளர் நிற்கிற இடத்தைத் தள்ளி வைத்தார்கள். 1986இல் போர்த்துக்கல் ராலியில் ரோட்டிலேயே நின்ற கூட்டத்தைத் தவிர்க்கப் பார்த்த கார் விலகி, பார்க்க வந்த 3 பேர் இறந்தார்கள். அந்த வருசத்தோடு 'குரூப் பி' என்ற அதிவேகக் கார்களையே ராலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆபத்தை எடுத்தார்கள், ஆளை வீட்டுக்குள் பூட்டவில்லை.

அந்தக் காலத்து ராலியிலேயே ஒரு பெண் இருந்தார், மிஷேல் மூட்டோன். 1981இல் சான்ரேமோ ராலியை வென்று, உலக ராலிப் போட்டி ஒன்றில் முதலிடம் பிடித்த முதல் பெண்ணானார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொன்னவரும் ஒரு பெண்தான், பப்ரிசியா பொன்ஸ். அடுத்த வருசம் மண்ணிலும் சரளையிலும் மூன்று ராலி வென்று உலகத்தில் இரண்டாம் இடம். எங்களுக்குப் பிடித்தது அதுக்குப் பிறகு நடந்தது. வயதான பிறகு உலக மோட்டார் பந்தயச் சம்மேளனத்தில் பெண்களுக்கான ஆணைக்குழுவுக்குத் தலைவியானார். ராலிகளில் பாதுகாப்பைக் கவனிக்கிற பொறுப்பும் அவருக்கு வந்தது, பார்வையாளர் தப்பான இடத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பதும் அதில் சேரும். மாமா, கவனிச்சீங்களா? புழுதியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கிற இடத்தில், ஆட்கள் சாகாமல் பார்த்துக்கொள்கிற வேலையே ஒரு பொம்பளையின் வேலையாக இருந்திருக்கிறது. தமிழ்ப் பேசுகிற ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் அலிஷா அப்துல்லா சின்ன வயதிலேயே கோ-கார்ட்டில் ஆரம்பித்து, ஆண்களோடு ஒரே தடத்தில் பைக்கும் காரும் ஓட்டியவர்.

இனி கம்பஸ் தோழர்கள். அவர்களுடைய எதிர்ப்பு மாமாவுடையது மாதிரி இல்லை, கொஞ்சம் கனமானது. "பெற்றோல் வரிசையில சனம் செத்த நாட்டுல பணக்காரன் பெற்றோல் எரிக்கிற விளையாட்டு. அதையும் நடத்துறது ஆமி. மலையகப் பெண் அதைப் போய்க் கொண்டாடுறதா?" கென்டீனில் இதை எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இதுக்குப் பதில் சொல்லாமல் போனால் நாங்கள் நேர்மையானவர்கள் இல்லை.

ஆமாம், ரேஸ் கார் வைத்திருக்கிறவன் எங்கள் வர்க்கம் இல்லை. ஒரு தமிழ்ப் பெண் சீருடைகளுக்கு நடுவில் நிற்பது ஒரு சிங்களப் பெண் நிற்பது மாதிரி இல்லை என்பதும் தெரியும். இந்த நாட்டில் மண் தட ரேஸ் பலதும் படைமுகாம்களைச் சுற்றியே நடக்கின்றன, அனுராதபுரத்தில் கஜபா சுப்பர்குரோஸ் போல. சனம் கூடிச் சந்தோஷப்படுகிற இடத்தைக்கூட முகாமுக்குப் பக்கத்தில்தான் தேட வேண்டியிருப்பது வெட்கக்கேடு. அதை எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் தோழர்களே, அதே வாரம் நீங்கள் விடிய விடிய கிரிக்கெட் பார்த்தீர்கள். அதில் எவ்வளவு பணம் புரள்கிறது, யார் முதலாளி என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்களுடைய ரசனைக்கு நீங்கள் வைக்காத பரீட்சையை எங்களுடைய ரசனைக்கு மட்டும் ஏன் வைக்கிறீர்கள்? தோட்டத்துப் பெண் என்றால் அவள் கூலிக்காகக் கோஷம் போட வேண்டும், இல்லையென்றால் ஒப்பாரி வைக்க வேண்டும். அவளுக்கு என்ஜின் சத்தம் பிடிக்கும் என்றால் உங்கள் சித்திரத்தில் அவள் அடங்குவதில்லை. கலண்டர் போடுகிற கம்பனியும் நீங்களும் இந்த ஒரு இடத்தில் சந்திக்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரிகிறதா?

கூலிக்காகவும் கத்துவோம். வீட்டுக் காணி உறுதிக்காகவும் கத்துவோம். அது முடியும்வரை சந்தோஷப்படாமல் இருங்கள் என்று சொன்னால், எங்கள் பாட்டிமார் அப்படிக் காத்திருந்தேதான் செத்தார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எங்கே ரேஸ் நடந்தாலும், கார் ஓடுவதற்கு முன்பு பார்வையாளர் நிற்கிற இடத்தை யாராவது நடந்து பார்க்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தை அடைக்க வேண்டும். அறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் வர வேண்டும். கொடி பிடித்து நிற்கிறவர்களுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு இறந்தவர்களில் பாதிக்கு மேல் அப்படிப் போட்டி நடத்த உதவியவர்கள். விசாரணை நடந்தால் அதன் முடிவு சனத்துக்குத் தெரிய வேண்டும். இதில் ஒன்றுகூட 'பெண்கள் வரக் கூடாது' என்பதாக இல்லை என்பதைக் கவனியுங்கள். மலைச்சரிவுக்கும் இதே சட்டம்தான்: எச்சரித்தால் மட்டும் போதாது, போக இடம் கொடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் எங்களில் ஒருத்தியின் அம்மா முதலில் அடித்தார், பிறகு கட்டிப்பிடித்தார், பிறகு சோறு போட்டார். ரெண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மலையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு, "எங்க, அந்தப் படத்தக் காட்டு" என்றார். அந்த நாலு நல்ல படத்தில் ஒன்றைக் காட்டினோம். ஒரு கார் பக்கவாட்டில் வருகிறது, பின்னால் செம்மண் சிறகு மாதிரி விரிந்திருக்கிறது, அதுக்குப் பின்னால் சனம், அதுக்கும் பின்னால் மேடு. அம்மா காரைப் பார்க்கவே இல்லை. விரலால் பெரிசாக்கி மேட்டைத்தான் பார்த்தார். மண்ணின் நிறத்தைப் பார்த்தார், புல் எங்கே முடிகிறது என்று பார்த்தார். மீரியபெத்தக்காரர்கள் எந்தச் சரிவையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிறகு வளைவின் உள்பக்கமாக, மேலே தள்ளி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்கன நிக்கணும். மண்ணும் வராது, காரும் வராது. நல்லாவும் தெரியும்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எம்மாம் புழுதி, ஆத்தே" என்று சிரித்தார்.

மாமா, வீடியோதான் இல்லை. படம் இருக்கிறது. வேணும்னா சொல்லுங்க, குரூப்லயே போடுறோம்.